பரீட்சை முடியும்வரை சொல்லாத செய்தி

துரை,

நீ என்னோடு பேசுவதில்லை. சரி, பேசாதே. படிக்கத் தெரியும் அல்லவா, அதனால் எழுதுகிறேன். நான் தட்டு வைத்தால் எடுக்காமல், அப்பா வைத்தால் மட்டும் எடுத்துச் சாப்பிடுகிற உன் வீம்பு எனக்குப் புதிதில்லை. அது என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. ஆனால் நேற்றுக் காலையில் அப்பா வேனைத் துடைத்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார் பார், அதற்கப்புறம் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை சேரச் சொல்லி வந்திருக்கும் சென்னை வேலைக்கு நீ போகப்போவதில்லையாம். "இங்கனயே இருந்து ஊருக்கு ஏதாவது செய்யுறேன், சித்திக்கு நான் பட்ட கடன் அது" என்று சொன்னாயாம். அப்பாவுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தான் ஆள் ஏற்றிப் போகிற பட்டாசுக் கம்பெனி ஆபீசிலேயே உனக்கு ஒரு வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். "வீட்டுச் சோறு, காலையில நம்ம வேன்லயே போயிரலாம், பெறகு என்ன" என்று அவர் சொன்னதும் எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, கையிலிருந்த செம்பைத் தூக்கி வாசலில் எறிந்தேன். சத்தம் கேட்டு நீ எட்டிப் பார்த்தாய். என்னைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டாய்.

நமக்குள் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. செல்லத்தாய் சித்தி வெந்துபோய் மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது நான் உனக்குச் சொல்லவில்லை. நீ திருநெல்வேலியில் கடைசிப் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருந்தாய். எழுதி முடித்து நீ வெளியே வந்த பிறகுதான் சொன்னேன், அதற்குள் அவள் போய்விட்டாள். இது உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை இது. இன்னொரு தடவை அதே மாதிரி நடந்தாலும் நான் அதையேதான் செய்வேன். நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கடித்துக்கொண்டே படி.

நீ பன்னிரண்டாவதில் எடுத்த மார்க்கை நம் சுற்றுவட்டாரத்தில் அதற்கு முன்னால் யாரும் எடுத்ததில்லை. ஏழாயிரம்பண்ணைக் கடைத்தெருவில் அப்பா வேனை நிறுத்தி நிறுத்தி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அன்று சாயங்காலம் உன் பிசிக்ஸ் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். சென்னையில் பெரிய அரசு காலேஜிலேயே உனக்கு இடம் கிடைக்கும், தயங்காமல் முதல் சாய்ஸாகப் போடுங்கள் என்று சொன்னார்கள். செலவைப் பற்றியும் அவர்களே விவரமாகச் சொன்னார்கள். முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது, ஹாஸ்டலுக்கும் வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆகவே காசு காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சர், அம்புட்டுத் தூரம் எதுக்கு? இந்தா கோவில்பட்டிப் பக்கத்துக் காலேஜ் பஸ்ஸு நம்ம ஊர் விலக்கு ரோட்டுக்கே வருதே" என்றார். டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அண்ணாச்சி, பஸ் வர்றத வச்சா காலேஜ் பாக்குறது?" என்று கேட்டார்கள். நான்தான் இடையில் புகுந்து, "பெறகு எத வச்சு டீச்சர் பாக்குறது? பொழுது சாய புள்ள வீட்டுக்கு வந்துருவான்ல" என்றேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஆனால் நாங்கள் வேறு எப்படி யோசித்திருப்போம்? நம் பக்கத்தில் ஒரு பொம்பளை எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போவது என்று எதை வைத்து முடிவு செய்கிறாள்? கூலி எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேன் தெருமுனைக்கு வருமா, இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவானா, டிரைவர் ஒழுங்கான ஆளா, இதைத்தான் கேட்பாள். வாசலுக்கு வேன் வந்தால் நல்ல கம்பெனி, மெயின் ரோடு வரை நடக்க வைத்தால் மட்டமான கம்பெனி. ஒரு அறைக்குள் எத்தனை பேரை உட்கார வைக்கிறான், வெடிமருந்தை எங்கே காயப் போடுகிறான் என்று கேட்டு வேலைக்குப் போனவளை நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை, சித்தியும் கேட்டதில்லை. உன் அப்பா ஆயுசெல்லாம் அந்த வேனை ஓட்டியவர். கம்பெனி பார்க்கிற கண்ணால்தான் நாங்கள் காலேஜையும் பார்த்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரியாது, வண்டி வருகிறதா என்று மட்டும் பார்க்கத் தெரியும்.

இதில் சித்தியின் பங்கையும் நான் சொல்லியாக வேண்டும். செத்துப்போனவளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள், எனக்கு அந்த மரியாதையெல்லாம் வராது. கல்யாணமான மறு வருஷமே புருஷனை லாரிக்குப் பறிகொடுத்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தவள் அவள். அப்போது நீ குப்புற விழுகிற பிள்ளை. நான் பட்டாசு பாக்கிங் ஷெட்டுக்குப் போய்விடுவேன். உன்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்து, எல்லாம் அவள்தான். நீ வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் அவளும் வேலைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கூட, "ஏட்டி, இவன் ஓம் மகனா, ஓந் தங்கச்சி மகனா?" என்று கேலி செய்வாள். நானும் சிரித்துக்கொள்வேன். எனக்கு வயிறு எரியும், ஆனாலும் சிரித்துக்கொள்வேன். நீ சென்னைக்குப் போகலாம் என்று டீச்சர் சொன்ன அன்று ராத்திரி அவள் தட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் சாப்பிடவில்லை. சாத்தூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கத்துக் காலேஜை நீதான் முதலில் போட்டாய், உன் விரலை யாரும் பிடித்து அழுத்தவில்லை. "நாம ஒண்ணும் கட்டாயப்படுத்தலயே" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். கட்டாயப்படுத்தவில்லைதான். சித்தி சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நீ வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய்த் தோசை வார்த்தாள்.

முதல் வருஷம் புரட்டாசியில் மேலத்தெருக்காரர் ஒருவர் வேலை பார்த்த பட்டாசு அறை வெடித்தது. அவர் சம்சாரம் தலைவிரி கோலமாக நம் வாசலுக்கு ஓடி வந்து, "துரை இருக்கானா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே, அவன அனுப்புங்க" என்று அழுதாள். நீ காலேஜ் பஸ்ஸுக்குப் பையை மாட்டிக்கொண்டு நின்றாய். நான்தான் பையை வாங்கி வைத்துவிட்டு, "போய்ட்டு வாய்யா, பாவம்" என்று அனுப்பினேன். அன்றைக்கு ஆரம்பித்தது அது. பிணவறை வாசலில் நின்று, போலீஸ் ஸ்டேஷனில் நின்று, தாலுகா ஆபீசில் நின்று, எந்தக் காகிதத்துக்குப் பின்னால் எந்தக் காகிதம் வாங்க வேண்டும் என்று நீ கற்றுக்கொண்டாய். டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினாய். கலெக்டருக்கு மனு எழுதினாய். உன் மனுவுக்கு நிவாரணப் பணம் சீக்கிரம் வருகிறது என்று பேர் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? எங்கே புகை தெரிந்தாலும் நம் வாசலில் ஆள். வருகிறவர்களுக்கெல்லாம் நான் காபி போட்டுக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசில் உன்னைச் சேர் போட்டு உட்காரச் சொன்னார்களாம் என்று ஷெட்டில் பெருமை அடித்துக்கொண்டதும் நான்தான். சித்தி என்னையும் மிஞ்சினாள். "எங்க தொரை இல்லாட்டி இந்த ஊர்ல பொணம் எடுக்க முடியாதாக்கும்" என்பாள். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது.

தீபாவளிக்கு முந்தின சீசனில்தான் ஆர்டர் நெருக்கும், லோடு அவசரம், அப்போதுதான் வெடிப்பதும் அதிகம். தீபாவளி முடிந்த கையோடு உனக்குப் பரீட்சை. இது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. காலேஜிலிருந்து ஒரு நாள் அப்பாவுக்குப் போன் வந்தது. அட்டெண்டன்ஸ் குறைகிறது, பரீட்சைக்கு விட முடியாது என்றார்கள். "சாவு வீட்டுக்குப் போனான் சார்" என்றார் அப்பா. "மாசா மாசமா ஒருத்தர் சாவாங்க?" என்று கேட்டாராம் அந்த சார். "எங்க பக்கம் அப்படித்தான் சார்" என்று அப்பா சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வேறு காலேஜாக இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்ன விஷயம் என்று கேட்டிருப்பார்களோ என்னவோ. அங்கே உன் மாதிரி பாதியில் நின்றவர்கள் வகுப்புக்குப் பாதிப்பேர் இருந்தார்களாம், நீயே சொல்லியிருக்கிறாய். உன்னை யாரும் தேடவில்லை. ஒரு வருஷம் வீணாய்ப் போனது. பிறகு அரியர் மேல் அரியர் விழுந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்து வெளியே போன பிறகும் நீ மனு எழுதிக்கொண்டிருந்தாய். டீச்சர் மகன் ஜெபராஜ் உன்னைவிட எவ்வளவு மார்க் குறைவு! அவனைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் ஹாஸ்டலில் போட்டார்கள். அழுதுகொண்டுதான் போனான். முடித்தும் விட்டான். அவன் பெரிய மூளைக்காரன் என்பதால் இல்லை. இங்கே ஊரில் வெடித்தால் அவனுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிடும், அதனால்.

எனக்கு எப்போது புரிந்தது தெரியுமா? ஒரு நாள் அச்சங்குளத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நீ குளித்துக்கொண்டிருந்தாய். "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்டார். காலேஜில் படிக்கிறான் என்று சொல்ல என் வாய் திறந்தது. அதற்குள் அவரே, "விபத்து கேஸ் பாக்குற தம்பின்னு சொன்னாக, அதான் வந்தேன்" என்றார். உன் பேரோடு சேர்ந்துவிட்ட வேலை அதுதான். நான் அன்றைக்கு அவருக்குக் காபி கொடுக்கவில்லை. உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதேன். இனிமேல் வாசலுக்கு வருகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். "ஊர்ல இல்லங்க" என்று சொல்லப் பழகினேன். எத்தனை பேர் என்னைத் திட்டிக்கொண்டு போனார்கள் என்று உனக்குத் தெரியாது. கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே சொன்னார்கள். சித்தியும் சொன்னாள். "எக்கா, செத்தவுக வீட்டுக்காரியப் போயித் திருப்பி அனுப்புறியே, நீ ஒரு மனுசியா?" என்றாள். எனக்கும் அவளுக்கும் அதிலிருந்து பேச்சு சரியில்லை. இதையும் நீ தெரிந்துகொள்.

அப்புறம்தான் அந்தக் கடைசி வாய்ப்பு வந்தது. பாக்கியிருக்கும் பேப்பர்களை இந்தத் தடவை எழுதி முடிக்காவிட்டால் இனி எந்தக் காலத்திலும் பட்டம் இல்லை என்றார்கள். திருநெல்வேலியில் மையம் போட்டார்கள். நல்ல வேளையாக ஜெபராஜுக்கு அங்கேதான் வேலை. உன்னை அவன் அறைக்கு அனுப்பினேன். போனை நீயே அவனிடம் கொடுத்து, பரீட்சை முடிகிற வரை தராதே என்று சொன்னாயாமே, அதைக் கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒவ்வொரு பேப்பர் முடிந்ததும் அவன் போனிலிருந்தே பேசினாய். உன் குரல் மாறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது படித்தபோது பேசுவாயே, வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று விழ, அந்தப் பேச்சு திரும்பி வந்தது. நான் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது தெரியுமா?

கடைசிப் பேப்பருக்கு முதல் நாள், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம், சித்தி வேலை பார்த்த அறை போய்விட்டது. கூட இருந்தவர்கள் அங்கேயே முடிந்தார்கள். அவளைச் சிவகாசிக்குத் தூக்கிப் போய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் நான் கூட இருந்தேன். வண்டி கிளம்புவதற்குள் சொந்தக்காரர்கள் சுற்றிக்கொண்டு, "துரைக்குப் போன் போடு, அவன் வந்தாத்தான் ஆகும்" என்றார்கள். உன் அப்பா போனைக் கையில் எடுத்தும் விட்டார். நான் பிடுங்கினேன். "எவனாவது எம் மகனுக்குப் போன் போட்டீக, இதே எடத்துல என்னையும் சேத்துப் பொதைக்க வேண்டியிருக்கும்" என்று கத்தினேன். ஜெபராஜுக்கு நானே போன் செய்து, டிவி போடாதே, பேப்பர் காட்டாதே, நாளை பரீட்சை முடிகிற வரை அவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பையன் அழுதான். "அம்மா, பெறகு அவன் என்னக் கொன்னுருவான்மா" என்றான். "உன்ன இல்லய்யா, என்னத்தான்" என்றேன்.

பரீட்சை முடிந்து நீ ஜெபராஜ் போனிலிருந்து பேசினாய். "எம்மா, அம்புட்டும் தெரிஞ்ச கேள்விம்மா, பாஸாயிருவேன்மா, சித்தி பக்கத்துல இருந்தா குடு" என்றாய். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அவளைத் துணி சுற்றி வெளியே கொண்டுவந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நீ பேசிக்கொண்டே போனாய். எந்தக் கேள்வி வந்தது, எதை முதலில் எழுதினாய் என்று சொல்லிக்கொண்டே போனாய். நான் தடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் பொறு, இந்தப் பிள்ளை இன்னும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னேன். அதற்குப் பிறகு நீ போட்ட சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

பிள்ளையில்லாதவளுக்கு நீதான் கொள்ளி வைத்தாய். திரும்பி வந்து குளித்துவிட்டு, எல்லோரும் இருக்க என்னைப் பார்த்துச் சொன்னாய்: "நீ எனக்காகச் செய்யலம்மா. சித்தி மேல இருந்த பொறாமையில செஞ்ச." அதுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது. அதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். பொறாமை இருந்தது. நீ பேசிய முதல் வார்த்தை சித்தி என்பதால் இருந்தது. போன் போட்டால் அவளைக் கேட்பாய் என்பதால் இருந்தது. அன்று அப்பா கையிலிருந்து போனைப் பிடுங்கியபோது அதில் ஒரு துளி பொறாமை இருந்ததா என்று நானே என்னைப் பல நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருந்திருக்கலாம். சத்தியம் பண்ணி இல்லை என்று சொல்ல எனக்கு வராது. ஆனால் அந்தப் பொறாமை இல்லாதிருந்தாலும் நான் போனைப் பிடுங்கித்தான் இருப்பேன். ஒரு ஊரே சேர்ந்து உன் படிப்பைத் தின்றது. அதில் முதல் கவளம் நானே எடுத்துக் கொடுத்தது. கடைசிக் கவளத்தையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பாஸாகி, வேலையும் வந்த பிறகு நீ எதனால் இங்கேயே இருக்கப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெரியம்மா ஒரு கதை கட்டிவிட்டாள். சித்தி சாகிறபோது, "தொரைக்குச் சொல்லாதீக, அவன் பரீட்சை எழுதட்டும்" என்று சொன்னாளாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், உன் மனம் ஆறட்டும் என்று. ஆனால் அது உன் மனதை ஆற்றவில்லை, அறுத்துவிட்டது. தன் உயிரைவிட உன் படிப்பைப் பெரிதாக நினைத்தவளுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று நீ உட்கார்ந்துவிட்டாய். அவள் படம் இருக்கிற வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறாய். துரை, பெரியம்மா அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் வரவே இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். சித்தி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சித்தி உன்னைக் கேட்டாள். காலையில் நினைவு வந்ததிலிருந்து உன்னைத்தான் கேட்டாள். முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது. "தொரை வந்துட்டானா?" என்றாள். நான், "கெளம்பிட்டான் செல்லம், பஸ் ஏறிட்டான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதை நிறுத்த வழியில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். கயத்தாறு தாண்டிட்டான் என்றேன். கோவில்பட்டி வந்துட்டான் என்றேன். சாத்தூர் என்றேன். அந்த ரோட்டில் அவள் எத்தனை தடவை போய் வந்திருப்பாள்! அவளுக்கு நேரம் தெரியும். "இன்னுமா விருதுநகர் வரல?" என்று கேட்டாள். ரோடு வேலை நடக்குதாம், பஸ் மெதுவாப் போகுதாம் என்றேன். அங்கே ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தது, சின்னப் பெண். நான் பொய் சொல்கிறேன் என்று அதற்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு தடவை வாய் வராமல் போனபோது அந்தப் பெண்ணே குனிந்து, "திருமங்கலம் தாண்டிட்டாராம்மா, இப்ப வந்துருவாரு" என்று சொன்னது. சித்தி, "வெயிலா இருக்கும், அவனுக்குத் தண்ணி குடுங்க" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. மூச்சு நின்றுவிட்டது என்று நர்ஸ் சொன்ன பிறகும் நான் அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "வந்துட்டான் செல்லம், கீழ எறங்கி நடந்து வந்துக்கிட்டிருக்கான்" என்று சொன்னேன்.

இதுதான் நடந்தது. அவள் உன்னைப் படிப்புக்காக விட்டுக்கொடுக்கவில்லை. நீ வேண்டும் என்றுதான் கேட்டாள், நீ வருகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் போனாள். அந்தப் பொய்யைச் சொன்னது நான். அவளுக்கு நீ கடன் ஒன்றும் பட்டிருக்கவில்லை; கடன்பட்டிருப்பவள் நான். செத்த பிறகு அவள் காலில் விழுவதா அடி வாங்குவதா, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதை நீ தூக்கிக்கொண்டு இந்த வீட்டில் உட்கார வேண்டாம். அந்தக் கம்பெனி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த அறை வெடிக்கிற அன்றைக்கு முதலாளிக்காகக் காகிதம் எழுதப்போகிறவன் நீதான் என்று உன் அப்பாவுக்குத் தோன்றவில்லை, உனக்காவது தோன்ற வேண்டாமா? என்னை வெறுக்கிறாயா, வெறுத்துக்கொள். அதையும் கட்டி எடுத்துக்கொண்டு போ.

உன் சட்டைகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா உன்னைச் சாத்தூர் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார், அவரிடம் நான் பேசிவிட்டேன். நான் கூட வரவில்லை, ரயில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டிய தொல்லை உனக்கு வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்குப் போன் போடு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அம்மா